பல் இம்பிளான்ட்டும் மென்மையான தாடை எலும்பும்

பல் இம்பிளான்ட் என்பது விழுந்த பல்லின் வேருக்குப் பதிலாகத் தாடை எலும்புக்குள் பதிக்கப்படும் டைட்டானியத் திருகு. எலும்பு அதை இறுகப் பற்றினால்தான் மேலே பொருத்தும் பல் நிற்கும். அடர்த்தி குறைந்த எலும்பில், குறிப்பாக மேல்தாடையின் கடைவாய்ப் பகுதியில், அந்தப் பிடிப்பைப் பெறுவது இத்துறையின் நெடுநாள் சிக்கல்.

ஸ்வீடன் ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயலின் காலெலும்பில் இரத்த ஓட்டத்தை ஆராய டைட்டானியக் கருவி ஒன்றைப் பொருத்தினார். பிறகு கழற்றப் பார்த்தபோது எலும்பு அதை விடவில்லை. அந்தப் பிடிப்பை நம்பி 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவருக்கு முதன்முதலாக இவ்வகை இம்பிளான்ட் வைக்கப்பட்டது. 2006-இல் அவர் இறக்கும்வரை அது பயன்பட்டது. 1982-இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகப் பல் மருத்துவர்கள் இம்முறையை நம்பத் தொடங்கினர்.

எல்லாத் தாடையும் ஒன்றல்ல என்பது விரைவிலேயே தெரிந்தது. லெக்ஹோம், சார்ப் இருவரும் 1985-இல் தாடை எலும்பை நான்கு வகையாகப் பிரித்தனர். நான்காவது வகையில் வெளி ஓடு மிக மெல்லியது. உள்ளே இருப்பது அடர்த்தியற்ற பஞ்செலும்பு. துளையிடும் கருவி அதில் தெர்மகோலுக்குள் போவதுபோல் தடையின்றி இறங்கிவிடும். ஜாஃபின், பெர்மன் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் மூன்று வகை எலும்புகளில் 3 சதவீத இம்பிளான்ட்களே தோற்றன. நான்காம் வகையில் 35 சதவீதம் தோற்றன. அவை வழவழப்பான மேற்பரப்பு கொண்ட பழைய திருகுகள் என்பதை மறக்கக் கூடாது. அந்த எண்ணை இன்றைய நோயாளியிடம் சொல்லிப் பயமுறுத்துவது நியாயமில்லை.

உறுதி இரண்டு கட்டமாக வருகிறது. திருகிய அன்றே கிடைப்பது இயந்திரப் பிடிப்பு. அதைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து பற்றுவது இரண்டாவது. பழைய பிடிப்பு தளர்ந்து, புதியது முழுமையாக வராத முதல் சில வாரங்களே ஆபத்தானவை. அப்போது திருகு ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும்.

ஆகவே மென்மையான எலும்பில் துளையைத் திருகைவிடச் சற்றுச் சிறிதாக இடுகிறார்கள். கூம்பு வடிவத் திருகு உள்ளே போகும்போது எலும்பை நெருக்கி அடர்த்தியாக்குகிறது. எலும்பை வெட்டி எடுக்காமல் கருவியால் ஒதுக்கி அமுக்கும் முறையை சம்மர்ஸ் 1994-இல் விவரித்தார். சொரசொரப்பாக்கிய மேற்பரப்பு 1990-களில் பரவியதும் எலும்பு விரைவாகப் பற்றத் தொடங்கியது. தோல்வி குறைந்ததில் மிகப் பெரிய பங்கு இந்த மாற்றத்துக்கே என்று சொல்லலாம். மெரிடித் 1996-இல் கொண்டுவந்த அதிர்வு அளவீட்டின் இன்றைய வடிவில், இம்பிளான்ட்டில் சிறு குச்சி ஒன்றைப் பூட்டி, கருவியின் முனையை அதைத் தொடாமல் அருகில் பிடித்தால் 1 முதல் 100 வரை ஓர் எண் வரும். எண் குறைவாக இருந்தால் பல் பொருத்துவதைத் தள்ளிப்போடுவார்கள். அந்தப் பொறுமைக்கு ஈடான கருவி இன்னும் வரவில்லை.

டெல்லிக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. வெளிநாட்டு இம்பிளான்ட்டின் விலை சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டாமல் இருந்த நிலையில், மௌலானா ஆசாத் பல் மருத்துவ அறிவியல் நிறுவனமும் டெல்லி ஐ.ஐ.டி.யும் சி.எஸ்.ஐ.ஆர். ஆதரவுடன் உள்நாட்டு இம்பிளான்ட்டை உருவாக்கின. பல் மருத்துவத் தரப்பில் இதை முன்னெடுத்தவர் மகேஷ் வர்மா; 2014-இல் பத்மஸ்ரீ பெற்றவர். அரசுப் பல் மருத்துவமனையும் பொறியியல் கல்விக்கூடமும் ஒரே மேசையில் அமர்ந்து செய்த இந்த வேலை போற்றத்தக்கது.

திருகு மலிவானாலும் எலும்பின் நிலை நோயாளியைப் பொறுத்தது. வெயில் கொட்டும் டெல்லியில் ஆரோக்கியமானவர்களிடமும் வைட்டமின் டி குறைவாக இருப்பதை எய்ம்ஸ் மருத்துவர்கள் 2000-இலேயே கண்டறிந்தனர். எலும்பில் கனிமம் சேர அந்த வைட்டமின் அவசியம். கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் புகைப்பழக்கமும் புண் ஆறுவதைக் கெடுக்கின்றன. எலும்புத் தேய்வுக்குத் தரப்படும் பிஸ்பாஸ்போனேட் மருந்துகளால் சிலருக்குத் தாடை எலும்பு இறந்துபோவது 2003 முதல் பதிவாகியுள்ளது. இம்பிளான்ட் வைத்துக்கொள்ளப் போகிறவர்கள் இவற்றில் எது இருந்தாலும் துளையிடுவதற்கு முன்பே பல் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.