பிரிக்கத்தக்க நெம்புகோல் துப்பாக்கி

நெம்புகோல் துப்பாக்கி என்பது, விசைக்குக் கீழே விரல்கள் நுழையும் வளையத்துடன் அமைந்த நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுப்பதன் மூலம் தோட்டாக்களை ஒவ்வொன்றாக ஏற்றிச் சுடும் மரைகுழல் துப்பாக்கி வகை ஆகும். இவ்வகைத் துப்பாக்கிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐக்கிய அமெரிக்காவில் தோன்றின. இவற்றுள், குழற்பகுதி, பிடிக்கட்டைப் பகுதி என இரண்டாகப் பிரித்து எடுத்துச்சென்று, தேவைப்படும்போது மீண்டும் பொருத்திக்கொள்ளும்படி செய்யப்பட்டவை பிரிக்கத்தக்க நெம்புகோல் துப்பாக்கிகள் எனப்படுகின்றன.

பிரிக்கத்தக்க துப்பாக்கியும் குறுந்துப்பாக்கியும் ஒன்றல்ல. குறுந்துப்பாக்கி கையாளும்போதும் குறுகியதாகவே இருக்கும். பிரிக்கத்தக்க துப்பாக்கியோ எடுத்துச்செல்லும்போது மட்டுமே குறுகியது. பொருத்திய பின் அதன் முழு நீளத்தையும் பெற்றுவிடும். பிரிக்கும் வசதிக்கு ஈடாக, துப்பாக்கியின் நடுவில் ஓர் இணைப்பு ஏற்படுகிறது. இந்த இணைப்பின் இறுக்கமே இவ்வகைத் துப்பாக்கிகளின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இயங்குமுறை

குழலின் பின்முனையை அடைத்து நிற்கும் உலோகத் துண்டு தாழ் எனப்படும். நெம்புகோலைக் கீழே தள்ளும்போது தாழ் பின்னோக்கி நகர்கிறது. தாழின் முனையிலுள்ள கொக்கி, சுட்டு முடிந்த தோட்டாவின் வெற்று உறையை இழுத்து வெளியேற்றுகிறது. பின்னே செல்லும் தாழ், சுத்தியலையும் பின்னுக்குத் தள்ளிச் சுடுவதற்கு ஆயத்தமாக்குகிறது. அதே வேளையில், குழலுக்குக் கீழே நீளவாட்டில் அமைந்த தோட்டாக் குழாயிலிருந்து வந்த ஒரு தோட்டாவை ஏந்தி என்னும் உறுப்பு மேலே உயர்த்துகிறது. நெம்புகோலை மேலே இழுக்கும்போது தாழ் முன்னே சென்று, அத்தோட்டாவைக் குழலினுள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது.

வரலாறு

1848 இல் வால்ட்டர் ஹண்ட் என்பவர் பலமுறை சுடும் துப்பாக்கிக்கான தோட்டாவையும், அடுத்த ஆண்டில் அதற்கான துப்பாக்கியையும் உருவாக்கினார். அக்கருத்து பலர் கைமாறி, 1855 இல் வால்கானிக் நிறுவனத்தையும், பின்னர் ஆலிவர் வின்செஸ்டரையும் வந்தடைந்தது. வின்செஸ்டரிடம் பணியாற்றிய பெஞ்சமின் டைலர் ஹென்றி 1860 இல் காப்புரிமை பெற்ற ஹென்றி துப்பாக்கி, தோட்டாக் குழாயில் 16 தோட்டாக்களைக் கொண்டிருந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் இது பயன்படுத்தப்பட்டது. இதே காலத்தில் கிறிஸ்டோபர் ஸ்பென்சர் உருவாக்கிய துப்பாக்கியில், பிடிக்கட்டையினுள் ஏழு தோட்டாக்கள் வைக்கப்பட்டன.

தொடக்ககால வின்செஸ்டர் மாதிரிகளான 1866, 1873 ஆகியவற்றில், முழங்கால் மூட்டைப் போல மடங்கி நிமிரும் இணைப்பே தாழைப் பிடித்து நின்றது. இவ்வமைப்பு குறைந்த ஆற்றலுடைய தோட்டாக்களுக்கே ஏற்றதாக இருந்தது. ஜான் பிரவுனிங் வடிவமைத்த 1886 மாதிரியில் செங்குத்தாக ஏறி இறங்கும் இரண்டு பூட்டுத் துண்டுகள் தாழை இறுக்கிப் பிடித்ததால், .45-70 போன்ற பெரிய தோட்டாக்களையும் அதில் பயன்படுத்த முடிந்தது. அதன் சிறிய வடிவமே 1892 மாதிரி. அவரே வடிவமைத்த 1894 மாதிரிக்கு, 1895 இல் புகையற்ற வெடிமருந்து கொண்ட .30-30 தோட்டா அறிமுகமானது. 1894 மாதிரி பின்னாளில் 70 இலட்சத்துக்கும் மேல் உற்பத்தி செய்யப்பட்டது.

ஜான் மார்லின் நிறுவிய மார்லின் நிறுவனம் 1889 முதல், வெற்று உறையை மேற்புறமாக அன்றிப் பக்கவாட்டில் வெளியேற்றும் மாதிரிகளைச் செய்தது. மேற்புறம் மூடியிருந்ததால், பிற்காலத்தில் இவற்றின் மேல் தொலைநோக்கியைப் பொருத்துவது எளிதாயிற்று.

பிரிப்பு அமைப்புகள்

இருப்புப்பாதைப் பயணம் பரவலாகியிருந்த 1890களில், வேட்டைக்குச் செல்வோர் நீண்ட துப்பாக்கியைச் சிறு பெட்டியில் எடுத்துச்செல்ல விரும்பினர். இத்தேவையை ஒட்டி, வின்செஸ்டர், மார்லின் நிறுவனங்கள் தம் மாதிரிகள் சிலவற்றைப் பிரிக்கத்தக்க வடிவிலும் விற்கத் தொடங்கின. பிரிக்கும் முறைகளுள் இரண்டு முதன்மையானவை.

வின்செஸ்டர் முறை: இதில் குழல், முன்கட்டை, தோட்டாக் குழாய் ஆகியவை ஒரு பகுதியாகவும், பொறிப்பெட்டி, நெம்புகோல், பிடிக்கட்டை ஆகியவை மற்றொரு பகுதியாகவும் பிரிகின்றன. குழலின் பின்முனையில் உள்ள மரை முழுச்சுற்றாக இல்லாமல் இடையிடையே வெட்டப்பட்டிருக்கும். இதனால் பலமுறை திருகத் தேவையில்லை. கால் சுற்றுச் சுற்றினாலே குழல் பூட்டிக்கொள்ளும் அல்லது விடுபடும். தோட்டாக் குழாயின் பின்முனை பொறிப்பெட்டிக்குள் நுழைந்திருப்பதால், அது இருக்கும்வரை குழல் சுழலாது. எனவே, குழாயின் முன்முனையில் மடிந்திருக்கும் சிறு பிடியை நிமிர்த்தி, குழாயைத் திருகி முன்னுக்கு இழுத்த பின்னரே குழலைச் சுற்ற முடியும். மீண்டும் பொருத்தும்போது இதே தோட்டாக் குழாய், குழல் தானாகச் சுழன்றுவிடாமல் தடுக்கும் தாழ்ப்பாளாகவும் பயன்படுகிறது.

மார்லின் முறை: .22 அளவுத் தோட்டாவுக்கான மார்லின் 1897 மாதிரியிலும் அதன் வழிவந்த 39, 39ஏ மாதிரிகளிலும், பொறிப்பெட்டியின் வலப்புறத்தில் பெரிய தலையுடைய திருகு ஒன்று உள்ளது. இதனைக் கையாலோ நாணயம் ஒன்றாலோ தளர்த்தினால் பொறிப்பெட்டியே இரண்டாகப் பிரிகிறது. குழலும் பொறிப்பெட்டியின் மேற்பகுதியும் ஒன்றாகவே இருக்க, பிடிக்கட்டையுடன் கூடிய பகுதி மட்டும் தனியே வருகிறது. குழலின் உட்புறத்தைப் பின்பக்கமாகவே துடைக்க முடிவது இம்முறையின் மற்றொரு நன்மையாகும்.

ஆர்தர் சாவேஜ் வடிவமைத்த 1899 மாதிரியும் பிரிக்கத்தக்க வடிவில் கிடைத்தது. இதில் குழலின் கீழே தோட்டாக் குழாய் இல்லை. பொறிப்பெட்டியினுள் சுழலும் தோட்டாக்கூடு அமைந்திருந்தது.

இணைப்பும் குறியும்

பிரிக்கத்தக்க துப்பாக்கிகள் குறி தவறும் என்ற கருத்து பரவலாக உள்ளது. இது முழுமையாகச் சரியன்று. குறிகாட்டிகள் எந்தப் பகுதியில் பொருத்தப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்தே இது அமைகிறது.

வின்செஸ்டர் முறையில் முன் குறிகாட்டி, பின் குறிகாட்டி இரண்டும் குழலின் மீதே இருந்தால், குழலைக் கழற்றி மாட்டுவதால் அவற்றுக்கிடையிலான ஒழுங்கு மாறுவதில்லை. ஆனால் தொலைநோக்கியையோ துளைக் குறிகாட்டியையோ பொறிப்பெட்டியின் மீது பொருத்தினால், குழல் ஒவ்வொரு முறையும் மிகச்சரியாக அதே நிலைக்குத் திரும்பினால்தான் குறி மாறாது. இதனால் இவ்வகைத் துப்பாக்கிகளில் தொலைநோக்கியைக் குழலின் மீதே முன்தள்ளிப் பொருத்துவது உண்டு. மார்லின் 39ஏ மாதிரியில் பொறிப்பெட்டியின் மேற்பகுதி குழலுடனேயே இருப்பதால், அதன் மேல் பொருத்திய தொலைநோக்கியும் குழலுடன் சேர்ந்தே நிற்கிறது.

இணைப்புத் தேய்ந்து தளர்வது மற்றொரு குறை. தளர்வு மிகுந்தால், தோட்டாவின் அடிப்புறத்துக்கும் தாழுக்கும் இடையே இடைவெளி கூடுகிறது. சுடும்போது தோட்டா உறை கிழிந்து, சூடான வளி பின்னோக்கி வெளியேற இது காரணமாகலாம். பழைய வின்செஸ்டர் துப்பாக்கிகளில் தேய்மானத்தை ஈடுசெய்வதற்கென்றே, இணைப்பு வளையத்தில் சிறு திருகுகள் வைக்கப்பட்டிருந்தன. பழைய பிரிக்கத்தக்க துப்பாக்கி எதனையும் சுடுவதற்கு முன் துப்பாக்கி செப்பனிடுவோரிடம் காட்டி அளந்து பார்ப்பது இன்றியமையாதது.

குறுகிய மாதிரியைத் தேர்ந்தெடுத்தல்

நீளம்: 20 அங்குலக் குழலுடைய நெம்புகோல் துப்பாக்கியின் மொத்த நீளம் ஏறத்தாழ 96 செ.மீ. ஆகும். குழலை 16 அங்குலமாகக் குறைத்தால் மொத்த நீளம் ஏறத்தாழ 86 செ.மீ. ஆகிறது, அதாவது குறைவது 10 செ.மீ. மட்டுமே. அதே 20 அங்குலத் துப்பாக்கி பிரிக்கத்தக்கதாயின், அதன் இரு பகுதிகளும் 55 செ.மீ. அளவுக்குள் அடங்கிவிடும். எனவே, புதர்க்காட்டில் கையிலேந்தி நடப்பவருக்குக் குறுங்குழல் ஏற்றது. படகிலோ சிறு விமானத்திலோ முதுகுப்பையிலோ எடுத்துச்செல்பவருக்குப் பிரிக்கத்தக்க வடிவம் ஏற்றது.

ஆயத்தநிலை: பிரித்து வைக்கப்பட்ட துப்பாக்கியால் உடனடிப் பயன் இல்லை. கரடி முதலிய விலங்குகளிடமிருந்து தற்காத்துக்கொள்ளத் துப்பாக்கி கொண்டுசெல்பவர், நடக்கத் தொடங்கும் முன்பே அதனைப் பொருத்தி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். அத்தகையோருக்குப் பிரிக்கும் வசதி பயணத்துக்கு மட்டுமே உதவும்.

தோட்டா: ரிவால்வருக்கென உருவான .357 மாக்னம், .44 மாக்னம் தோட்டாக்கள் குறுங்குழலிலும் நன்கு செயற்படுகின்றன. .30-30 தோட்டா குறுங்குழலில் சற்று வேகம் இழக்கிறது. வெடியோசையும் குழல்வாய்த் தீச்சுவாலையும் கூடுகின்றன. .45-70 தோட்டாவை எடை குறைந்த குறுந்துப்பாக்கியில் சுடும்போது தோளில் ஏற்படும் பின்னுதைப்பு மிகக் கடுமையானது. பயிற்சிக்கும் சிறு விலங்கு வேட்டைக்கும் .22 போதுமானது.

கொள்ளளவு: குழல் குறுகினால் அதன் கீழுள்ள தோட்டாக் குழாயும் குறுகும். எடுத்துக்காட்டாக, .357 மாக்னம் தோட்டாவுக்கான 1892 வகைத் துப்பாக்கிகளில் 20 அங்குலக் குழலுடையவை பொதுவாகப் பத்துத் தோட்டாக்களையும், 16 அங்குலக் குழலுடையவை எட்டுத் தோட்டாக்களையும் கொள்கின்றன.

சட்ட வரம்பு: ஐக்கிய அமெரிக்காவில், 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலோ 26 அங்குலத்துக்குக் குறைந்த மொத்த நீளமோ உடைய மரைகுழல் துப்பாக்கிகள், 1934 இல் இயற்றப்பட்ட தேசிய சுடுகலன் சட்டத்தின் கீழ்த் தனிப்பதிவுக்கு உட்பட்டவை. சந்தையில் கிடைக்கும் குறுங்குழல் மாதிரிகள் பல 16 அங்குலத்தை ஒட்டியே அமைவதற்கு இதுவே காரணம்.

பாதுகாப்பு

தோட்டாக் குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதால், ஒன்றின் முனை முன்னுள்ளதன் அடிப்புறத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். கூர்முனைக் குண்டுகளை இவ்வாறு வைத்தால், பின்னுதைப்பின் அதிர்ச்சியில் முன்னுள்ள தோட்டா குழாயினுள்ளேயே வெடிக்கக்கூடும். ஆகவே, இவற்றில் தட்டைமுனை அல்லது மழுங்குமுனைக் குண்டுகளே பயன்படுத்தப்பட்டு வந்தன. 2000களின் நடுப்பகுதியில் ஹார்னடி நிறுவனம் மென்மையான நெகிழ்முனை கொண்ட கூர்குண்டுகளை அறிமுகப்படுத்தியது.

துப்பாக்கியைப் பிரிப்பதற்கு முன் குழலும் தோட்டாக் குழாயும் வெறுமையாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். பொருத்தும்போது இணைப்பு முகங்களில் மணலோ தூசியோ ஒட்டியிருந்தால் குழல் முழுமையாக அமராது. இணைப்பு முழுமையாகப் பூட்டிய பின்னரே தோட்டாக்களை ஏற்ற வேண்டும்.

தற்கால மாதிரிகள்

வின்செஸ்டரின் நியூ ஹேவன் தொழிற்சாலை 2006 இல் மூடப்பட்டது. அதன் பின்னர் வின்செஸ்டர் பெயரிலான நெம்புகோல் துப்பாக்கிகளை ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் தயாரித்து வருகிறது. இவற்றுள் பிரிக்கத்தக்க மாதிரிகளும் இடம்பெற்றுள்ளன. இத்தாலியின் கியாப்பா நிறுவனம் 1886, 1892 ஆகிய மாதிரிகளின் பிரிக்கத்தக்க மறுவடிவங்களைச் செய்துள்ளது. அலாஸ்காவில் உள்ள வைல்ட் வெஸ்ட் கன்ஸ் நிறுவனம், மார்லின் 1895 துப்பாக்கியைப் பிரிக்கத்தக்கதாக மாற்றியமைத்து, துணை விமானி எனப் பொருள்படும் கோ-பைலட் என்ற பெயரில் விற்றது. மார்லின் நிறுவனத்தை 2020 இல் ரூகர் நிறுவனம் வாங்கி, 2021 இன் இறுதியில் 1895 மாதிரியுடன் உற்பத்தியை மீண்டும் தொடங்கியது.