நகர் காண வருவோரும் நொச்சிக்குப்பமும்

சென்னை மாநகரைக் காண வருவோர்க்குக் கையேடுகள் வகுத்துத் தரும் வழி ஏறத்தாழ ஒன்றே. புனித ஜார்ஜ் கோட்டை, எழும்பூர் அருங்காட்சியகம், மெரினா, சாந்தோம், மயிலைக் கபாலீச்சரம், பொழுதிருப்பின் பரங்கிமலை. இந்நகரை ஓரிடத்தில் நின்று நோக்க விரும்புவோர் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறுவர். 1977-இல் ஒளி ஏற்றப்பெற்ற அவ்விளக்கம், பாதுகாப்புக் கருதி நெடுநாள் மூடப்பட்டிருந்து 2013 நவம்பரில் பொதுமக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. வடக்கே மெரினாவின் மணற்பரப்பு. தெற்கே அண்மையில் சாந்தோம் ஆலயத்தின் வெண்கோபுரம். வான் தெளிந்த நாளில் தென்மேற்கே பரங்கிமலை. காண்போர் கண் தொலைவையே நாடும். அதன் காலடியில், கடலுக்கும் சாலைக்கும் இடையே, படகுகளும் வலைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளுமாய் விளங்கும் நொச்சிக்குப்பத்தைச் சுட்டிக் காட்டும் கையேடு அரிது. ஆயினும் இந்நகரம் அயலார் கண்ணுக்குக் காட்சிப்பொருளான வரலாற்றைக் குப்பங்களை விலக்கி எழுத இயலாது.

ஊர்ப்பெயரே தமிழ் கற்றாரை நின்று நோக்கச் செய்வது. நொச்சி என்பது வேலியோரத்தில் வளரும் எளிய செடி. சளிக்கும் நீர்க்கோவைக்கும் அதன் இலையை வேதுபிடிப்பது இன்றும் வழக்கு. அச்செடியின் நீலப்பூவையே புறத்திணை மரபு மதில் காக்கும் மறவர்க்குச் சூட்டியது. வளைப்போர் உழிஞை சூட, உள்ளிருந்து காப்போர் நொச்சி சூடுவர். தொல்காப்பியம் நொச்சியை உழிஞையுள் அடக்க, புறப்பொருள் வெண்பாமாலை அதனைத் தனித்திணையாக்கியது. புறநானூற்றில் மோசிசாத்தனார் நொச்சியை விளித்துப் பாடியுள்ளார். மகளிர் அல்குலிலும் மறவர் தலையிலும் ஒருங்கே இடம்பெறும் பெருமை அதற்கு உண்டு என்பது அப்பாட்டின் கருத்து. நெய்தல் நிலத்து ஊர் ஒன்று காவல் திணையின் பெயரைத் தாங்கி நிற்பது தற்செயலே எனினும், பின்வரும் வரலாற்றை நோக்குங்கால் அத்தற்செயல் பொருளற்றதாகத் தோன்றவில்லை.

மயிலை பழைய துறைமுகம். தாலமி குறிக்கும் 'மலியார்பா' மயிலாப்பூரே என்பது அறிஞர் பலர் கொள்கை. மூன்றாம் நந்திவர்மனைப் பாடும் கலம்பகம் அவனை மல்லையோடு மயிலைக்கும் உரியவனாகப் போற்றுகிறது. ஏழாம் நூற்றாண்டில் ஞானசம்பந்தர் பூம்பாவையை விளித்துப் பாடிய பதிகத்தில் மாசிக் கடலாட்டு பேசப்படுகிறது. அலை உலவும் மயிலையில் வேல் வல்லார் வாழும் சேரியும் பேசப்படுகிறது. கோயிலும் கடலும் சேரியும் ஒரே பதிகத்துள் அடங்கிய ஊர் அது. இன்றும் மாசிமகத்தன்று திருமேனிகள் கடலாட எழுந்தருள்கின்றன.

பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்ச்சுகீசியர் இங்கு வந்து குடியேறினர். புனித தோமையாரின் கல்லறை இங்குள்ளது என்னும் மரபு அவர்களுக்கு முன்னரே வழங்கிற்று; பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதைக் குறித்துள்ளார். 1523-ஐ ஒட்டி அவர்கள் எழுப்பிய ஆலயத்தின் இடத்தில் 1896-இல் நிறைவுற்றதே இன்று நாம் காணும் வெண்கோபுரம். மலை மேலும் அவர்கள் ஆலயம் எழுப்பினர். 1547-இல் பகலவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை அங்குக் கிடைத்தது. ஏறத்தாழ முந்நூறு அடி உயரமே உள்ள அக்குன்றைச் சென்னை மக்கள் மலை என்பது சற்று மிகையே. ஆனால் அதன் அடிவாரத்திலிருந்துதான் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் சங்கிலியால் நிலம் அளக்கத் தொடங்கினார். இமயத்தின் உயரத்தைக் கணித்த பெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு. மலைப்படிகளை அமைத்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் அவர் கட்டிய பழம்பாலம் இன்று இல்லை; அதனிடத்தில் நிற்கும் பாலத்துக்கு மறைமலையடிகள் பெயர். யாத்திரிகர் கால் நனையாமல் மலை சேர வணிகர் ஒருவர் வழி செய்தார்.

கடலிலிருந்து கரை சேரும் வழியோ வேறு. சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. 1639-இல் ஆங்கிலேயர் பெற்ற நிலம் அலை ஓயாது மோதும் திறந்த கரை. கப்பல்கள் ஒரு மைலுக்கும் அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். ஆளுநர், நீதிபதி, பாதிரியார், வணிகர், மணம் முடிக்க வந்த ஆங்கிலப் பெண்டிர் எவராயினும் மசூலாப் படகில் இறங்கியே ஆகவேண்டும். ஆணி ஒன்றும் அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துச் செய்த படகு அது. அலை அறையும்போது தையல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆணி அறைந்த ஐரோப்பியப் படகாயின் பிளந்துபோகும். அலையின் எண்ணிக்கையைப் பார்த்து, ஓங்கிய அலை கடந்ததும் கூவிக்கொண்டு துடுப்பு வலித்துக் கரை சேர்ப்பர். கவிழ்ந்தால் மீட்பதற்குக் கட்டுமரங்கள் உடன் வரும். கரையை அடைந்ததும் துரைமார் படகோட்டிகளின் தோள் மீதேறி மணலில் இறங்குவர். மசூலாவும் செல்ல முடியாத கொந்தளிப்பில், ஓலையால் முடைந்த கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களை வைத்துக்கொண்டு கட்டுமரக்காரர் கப்பலுக்குச் சென்று மீண்டனர். கட்டுமரம் என்ற சொல் வில்லியம் டாம்பியரின் 1697-ஆம் ஆண்டுப் பயண நூலில் இடம்பெற்று, பின்னர் உலக மொழிகள் பலவற்றுள் புகுந்தது.

இத்துறை இருந்தது கோட்டைக்கு எதிரே, நொச்சிக்குப்பத்துக்கு வடக்கே. ஆனால் அலை ஒன்றே; கலை ஒன்றே; அதைக் கற்றிருந்தோர் இக்கரைக் குப்பங்களின் மக்கள். அக்காலப் பயணிகளின் குறிப்புகளில் சென்னையின் முதற்காட்சி பெரும்பாலும் படகோட்டிகளின் காட்சியே. அவர்கள் வீரத்தை வியந்த அதே பக்கங்களில் கூலி மிகுதியாகக் கேட்கிறார்கள் என்ற முறையீடும் உண்டு. உயிரை ஒப்படைத்தவர் கூலிக்கு வாதாடியது வரலாற்றின் சிறு நகைச்சுவை. கோட்டையிலுள்ள அருங்காட்சியகக் கட்டடத்தின் உச்சியில்தான் 1796-இல் இந்நகரின் முதற் கலங்கரை விளக்கு ஏற்றப்பட்டது. கப்பலுக்கு வழிகாட்ட விளக்கு, கரையேற மீனவர் கை.

1861-இல் இரும்புப் பாலத்துறை எழுந்தது. 1876-இல் துறைமுகப் பணி தொடங்கி, 1881 புயலில் சிதைந்து, அந்நூற்றாண்டின் இறுதியில் ஒருவாறு முடிந்தது. மசூலாவின் காலமும் முடிந்தது. மற்றொரு விளைவை எவரும் திட்டமிடவில்லை. ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டத்தை இக்கரை மீனவர் 'தெண்டி' என்பர். எதிர்த்திசையில் ஓடுவது 'வன்னி'. தெண்டி சுமந்துவந்த மணல் துறைமுகச் சுவரால் தடுக்கப்பட்டுத் தென்புறம் குவிந்தது. வடபுறம் இராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. வடக்கே நிலம் இழந்தோர் கதையை எந்தக் கையேடும் பேசாது. தெற்கே விரிந்த மணலே புகழ்பெற்ற கடற்கரை. அதன் ஓரமாய் 1880-களில் உலாச்சாலை அமைத்து, சிசிலித் தீவின் நினைவால் 'மெரினா' என்று பெயரிட்டவர் ஆளுநர் கிராண்ட் டஃப். நெய்தல் என்று ஈராயிரம் ஆண்டுகளாகப் பெயர் பெற்றிருந்த நிலத்துக்கு இத்தாலியப் பெயர் அமைந்தது இவ்வாறு.

துறைமுகம் வந்தபின் மீனவர் நகருக்கு இன்றியமையாதவர் அல்லர், ஆராயத்தக்கவர் ஆயினர். 1851-இல் தோன்றிய சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக விளங்கிய எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டு மக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளந்தார். 1909-இல் வெளிவந்த அவருடைய ஏழு தொகுதிகளில் இக்கரையின் பட்டினவரும் ஒரு தலைப்பு. அளந்தவர் உழைப்பைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் தெண்டியும் வன்னியும் அறிந்த அறிவை மூக்கின் அகலத்தில் எங்ஙனம் காண்பது?

விடுதலைக்குப் பின் இக்கடற்கரை சிலைகளால் நிறைந்தது. 1968-இல் நடந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி வள்ளுவரும் ஔவையும் கம்பரும் கண்ணகியும் போப்பும் கால்டுவெல்லும் இங்கு நிலைபெற்றனர். தமிழுக்கு அது பெருமை. எனினும் மீனவர் குடியில் பிறந்து 1923 மே முதல் நாளில் இந்நகரக் கடற்கரையில் மே தினம் கொண்டாடிய சிங்காரவேலரின் மக்களுக்கு அதே மணலில் நேர்ந்தது வேறு. 1985-இன் இறுதியில் மெரினாவை அழகுபடுத்தும் பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற அரசு முற்பட்டது. மீனவர் எதிர்த்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 'அழகு' என்ற சொல்லைக் கையாளும் கவிஞர்கள் இந்நிகழ்ச்சியை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் தகும். காண்பவன் கண்ணுக்கு இடையூறு என்று தொழிற்கருவியை விலக்கும் அழகு, நெய்தற் கவிஞர்கள் அறியாதது. அவர்கள் பாட்டில் உணங்கும் மீனும் உலரும் வலையும் அன்றோ அழகு?

2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையையும் தாக்கியது. அதன்பின் குப்பத்தைக் கடலிலிருந்து தள்ளிவைக்க வேண்டும் என்ற பேச்சு பாதுகாப்பின் பெயரால் எழுந்தது. கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் வரை குப்பங்களின் ஊடே செல்லும் லூப் சாலையில் போக்குவரத்து பெருகவே, சாலையோரம் மீன் விற்கும் பெண்கள் ஆக்கிரமிப்பாளர் எனப்பட்டனர். 2023 ஏப்ரலில் உயர்நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றியது. நொச்சிக்குப்பத்தார் படகுகளைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினர். உழிஞையும் நொச்சியும் இதுவன்றி வேறென்ன? குப்பத்தின் வாதம் எளியது: சாலை எங்களிடம் வந்தது, நாங்கள் சாலைக்கு வரவில்லை.

2024 ஆகஸ்டில் லூப் சாலையை ஒட்டி முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகள் கொண்ட புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. கட்டுமரத்தின் இடத்தைக் கண்ணாடியிழைப் படகு பெற்றுவிட்டது. அலையைக் கடந்து வரும் படகைக் கரையேற்றுவது மட்டும் இன்றும் மணலில், தோளாலும் கயிற்றாலும்தான்.