அறுக்க முடிகிற முடிச்சு

புதுச்சேரிக் கடலில் அது எனக்கு ஆறாவது டைவ். பதினைந்து மீட்டர் ஆழம், கொஞ்சம் கலங்கல் தண்ணீர். பாறை ஓரமாகப் போய்க்கொண்டிருந்தபோது இடுப்பை யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. கூட வந்தவர்தான் விளையாடுகிறார் என்று திரும்பினேன். அவர் எனக்கு முன்னால் இருந்தார்.

பாறையைச் சுற்றிப் பழைய மீன்வலை ஒன்று கிடந்திருக்கிறது. என் இடது பக்கம் தொங்கிக்கொண்டிருந்த காற்றழுத்தக் கேஜ் வயிற்றுக்கடியில் போய் அதன் கண்ணியில் மாட்டிக்கொண்டது. இழுத்தேன், இறுகியது. இன்னும் எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்க்க வேண்டிய கேஜோ வலைக்குள் இருந்தது. பயிற்சியாளர் வந்து தோளில் கைவைத்து என்னை அசையாமல் நிறுத்தி, கண்ணி கண்ணியாக அதை விடுவித்தார்.

படகில் ஏறியதும் அவர் திட்டவில்லை. பையிலிருந்து ஒரு எஃகுக் கொக்கியையும் கொஞ்சம் நைலான் கயிற்றையும் எடுத்தார். "கேஜ் தொங்கக் கூடாது தம்பி. இடுப்பு வளையத்துல மாட்டி வைக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கொக்கியைக் குழாயோடு சேர்த்துக் கட்டினார்.

"ஏண்ணே கயிறு? ஒரு இரும்பு வளையம் போட்டா இன்னும் கெட்டியா இருக்குமே?"

"கெட்டியா இருந்துடக் கூடாதுன்னுதான்."

அந்தப் பதில் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். அது என்னைக் கடலிலிருந்து வெகுதூரம் கொண்டுபோய், வடக்கு ஃப்ளோரிடாவின் காட்டுக்குள் இருக்கும் நன்னீர் ஊற்றுகளில் விட்டது.

ஸ்கூபாவின் ஆரம்ப நாட்களில் மாட்டி வைக்க கேஜே கிடையாது. 1943-இல் கூஸ்தோவும் காக்னானும் அக்வாலங்கை உருவாக்கினார்கள். அதற்குப் பிறகு வெகுகாலம் டைவர்கள் மிச்சக் காற்றை எண்ணாகப் பார்த்ததில்லை. ஜே-வால்வ் என்று ஒன்று இருந்தது. காற்று குறைந்ததும் மூச்சிழுப்பது கனமாகும். முதுகுப்பக்கம் தொங்கும் கம்பியை இழுத்தால் கடைசிச் சேமிப்பு திறக்கும், அதை வைத்துக்கொண்டு மேலே வந்துவிட வேண்டும். அந்தக் கம்பி எதிலாவது உரசி முன்னமே இழுபட்டிருந்தால் சேமிப்பு ஏற்கெனவே தீர்ந்திருக்கும், டைவருக்குத் தெரிந்திருக்காது. 1970-களில் அழுத்தக் கேஜ் பரவலானபோது அது பெரிய விடுதலை. ஆனால் கேஜ் ஒரு நீளக் குழாயின் நுனியில் வந்தது. கூடவே நண்பருக்குக் கொடுக்க இரண்டாவது வாய்ப்பகுதி, மிதவைச் சட்டைக்குக் காற்றடிக்க இன்னொரு குழாய். டைவரைச் சுற்றி நாலு குழாய் ஆடத் தொடங்கியது.

திறந்த கடலில் இதனால் பவளப்பாறை உடையும், எப்போதாவது என்னைப்போல ஒருவர் வலையில் மாட்டுவார். தலைக்கு மேல் வழி திறந்திருக்கிறது. குகைக்குள் தலைக்கு மேல் சுண்ணாம்புப் பாறை.

ஃப்ளோரிடாவின் ஊற்றுக் குகைகளில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். ஆபத்தே அதில்தான். அடியில் மாவுபோல வண்டல் படிந்திருக்கிறது. துடுப்பு ஒருமுறை தவறாக அசைந்தாலோ, தொங்குகிற கேஜ் தரையில் இழுபட்டாலோ போதும், விளக்கு இருந்தும் கை தெரியாது. அப்போது வாசலுக்கு ஒரே வழி, உள்ளே வரும்போது விரித்துவந்த நைலான் வழிகாட்டிக் கயிறு. அதை விரல்களுக்கிடையே ஓடவிட்டபடி இருட்டில் திரும்பி வர வேண்டும். இந்த ஊற்றுகளின் உள்வாயில் மரணதேவன் படம் போட்ட பலகை வைத்திருக்கிறார்கள். 300-க்கும் மேற்பட்டவர்கள் இப்படிப்பட்ட குகைகளில் இறந்திருப்பதாக அது சொல்கிறது. அதில் பயிற்சியாளர்களும் உண்டு.

அந்த மரணங்களை உட்கார்ந்து கணக்குப் பார்த்தவர் நிஜமாகவே ஒரு கணக்கு வாத்தியார். ஷெக் எக்ஸ்லி, ஃப்ளோரிடாவில் பள்ளி ஆசிரியர். 1979-இல் அவர் எழுதிய சிறு புத்தகம், நடந்த விபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்கிறது. வாசல்வரை அறுபடாத கயிறு வேண்டும், உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு காற்றைத்தான் செலவழிக்க வேண்டும் என்பவையெல்லாம் இன்றும் குகை டைவர்களுக்கு வேதம். அவரும் 1994-இல் மெக்ஸிகோவின் ஸகாட்டோன் பள்ளத்தில் ஆழச் சாதனை முயற்சியில் இறந்துபோனார். விபத்தைப் படித்துப் படித்து விதி எழுதும் பழக்கம் அவரோடு போகவில்லை. கொக்கியின் கதை அந்தப் பழக்கத்துக்குள்தான் வருகிறது.

தொங்குவதை மாட்டி வைக்க முதலில் கைக்குக் கிடைத்தவை படகுக் கொக்கிகளும் மலையேறிகளின் கரபினர்களும். உள்பக்கமாகத் திறக்கும் ஸ்பிரிங் கதவு, தட்டினால் மாட்டிக்கொள்ளும். எவ்வளவு வசதி! ஆனால் அந்தக் கதவுக்கு டைவரின் வளையம் எது, வழிகாட்டிக் கயிறு எது என்று தெரியாது. எது வந்து அழுத்தினாலும் திறக்கும், உள்ளே விட்டுக்கொண்டு மூடிக்கொள்ளும். வண்டல் இருட்டில், உயிரைக் காப்பாற்ற வேண்டிய கயிறே இடுப்பில் வந்து பூட்டிக்கொள்கிறது. முன்னால் போனால் இழுக்கிறது, திரும்பினால் சுற்றுகிறது. அமெரிக்கக் குகை டைவர்கள் இந்தக் கொக்கிக்கு வைத்த பெயர் ‘தற்கொலைக் கிளிப்’. கறுப்பு நகைச்சுவைதான், ஆனால் பெயர் நிலைத்துவிட்டது.

அதன் இடத்தைப் பிடித்தது போல்ட் ஸ்னாப். நாய்ச் சங்கிலி நுனியில் எல்லோரும் பார்த்திருக்கும் அதே சாமான். கட்டைவிரலால் ஒரு குமிழைப் பின்னுக்கு இழுத்தால்தான் வாய் திறக்கும். கயிறு வந்து உரசினால் திறக்காது. மனித விரல் வேண்டும். குதிரை லாயத்துச் சாமானை நீருக்கடியில் கொண்டுபோனது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். புதிதாக யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை, சரியானதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பில் ஹோகார்த் மெயின் என்ற ஃப்ளோரிடா டைவர், தேவையில்லாத எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, இருப்பது எதுவும் தொங்கக் கூடாது என்று பல ஆண்டுகள் தன் சாமான்களைக் குறைத்துக்கொண்டே வந்தவர். அவரது நடுப்பெயரால் அந்த முறை ‘ஹோகார்த்தியன்’ ஆனது. 1990-களில் ஜார்ஜ் இர்வினும் அவரது குழுவும் அதை வகுல்லா பகுதியின் நீண்ட குகைகளுக்குக் கொண்டுபோய், ‘சரியாகச் செய்வது’ என்ற பெயரில் கிட்டத்தட்ட ஒரு மதமாக்கினார்கள். ஒப்புக்கொள்ளாதவர்களை இர்வின் வாய்க்கு வந்தபடி திட்டினார். அந்தத் தொனி எனக்குச் சகிக்காது. ஆனால் கொக்கி விஷயத்தில் அவர்கள் சொன்னது சரி.

அதன் மையம் ஒரே விதி: உலோகத்தோடு உலோகம் சேரக் கூடாது. கொக்கியின் குமிழ் உப்பிலும் மணலிலும் ஒருநாள் சிக்கிக்கொள்ளும், அல்லது குளிரில் மரத்த விரல் அதைத் திறக்க மறுக்கும். அப்போது கொக்கிக்கும் குழாய்க்கும் நடுவே கத்தி பாயும் ஏதோ ஒன்று இருந்தாக வேண்டும். அதனால்தான் கயிறு. அதுவும் வழிகாட்டியாக விரிக்கும் அதே நைலான் கயிறு. கொக்கியின் கண்ணில் சில சுற்று, குழாயில் சில சுற்று, இறுக்கி முடிச்சு, நுனியை லைட்டரில் உருக்கிவிட்டால் முடிந்தது. சிலர் கயிற்றுக்குப் பதில் ரப்பர் ஓ-ரிங் போடுவார்கள். வேகமாக இழுத்தால் அறுந்துவிடும், கத்தியே வேண்டாம் என்பது அவர்கள் கட்சி. வேண்டாத நேரத்திலும் அறுந்துவிடுமே என்பது மறுகட்சி. நான் கயிற்றுக் கட்சி. பிளாஸ்டிக் பட்டை கட்டுகிறவர்களும் உண்டு, அது வெயிலில் காய்ந்து நொறுங்கும்.

இந்த முறையில் மாட்டாமல் விட்டதும் ஒன்று உண்டு. டைவர் மூச்சுவிடும் வாய்ப்பகுதி இரண்டு மீட்டருக்கு மேல் நீளமான குழாயில் வருகிறது. குறுகலான வழியில் இருவர் முன்னும் பின்னுமாக ஒரே சிலிண்டரில் வெளியேறத்தான் அந்த நீளம். காற்றில்லாமல் வருகிறவருக்கு அதைத்தான் வாயிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். அப்போது தனக்கான மாற்று எங்கே? கழுத்தில், தாடைக்குக் கீழே, ஒரு ரப்பர் வளையத்தில். அங்கே கொக்கி கிடையாது. கொக்கியைத் திறக்கும் ஒரு விநாடிகூட அப்போது அதிகம், தலையைக் குனிந்தால் வாய்க்கு வர வேண்டும்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லோடு இறங்கினார்கள். அந்தக் கல்லைக் காலில் முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொள்ளவில்லை. கயிற்று வளையத்தில் பாதத்தை நுழைத்து நின்றார்கள், அடி தட்டியதும் காலை உருவிக்கொண்டார்கள். ஃப்ளோரிடாக்காரர்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

அன்றைக்குப் படகில் முடிச்சு போட்டு முடித்ததும் பயிற்சியாளர் என்னிடம் கத்தியைக் கொடுத்தார். "கண்ணை மூடிக்க. இடது கை மட்டும். அறு."

"இப்பதானேண்ணே கட்டினீங்க?"

"அறு தம்பி."

முதல்முறை குழாயைக் கீறிவிடுவேனோ என்று பயந்து தடவிக்கொண்டே இருந்தேன். அவர் புதுக் கயிறு எடுத்து மறுபடி கட்டினார். மூன்றாவது தடவை ஒரே இழுப்பில் அறுந்தது. நாலாவது முடிச்சை என்னையே போடச் சொன்னார்.

அந்த முடிச்சை வருஷத்துக்கு ஒருமுறை மாற்றுகிறேன். பழையதை அவிழ்ப்பதில்லை, கண்ணை மூடிக்கொண்டு அறுத்துத்தான் எடுக்கிறேன்.