உருகும் பனிக்கு உருவம் கொடுத்தவர்கள்

1946ஆம் ஆண்டு. சோவியத் ஒன்றியத்திடம் தோற்ற பின்லாந்து, 30 கோடி டாலர் போர் இழப்பீட்டைக் கப்பல்களாகவும் இயந்திரங்களாகவும் கட்டிக்கொண்டிருந்தது. அந்த நெருக்கடிக் காலத்தில்தான் கார்ஹுலா-இட்டாலா கண்ணாடி நிறுவனம் ஒரு வடிவமைப்புப் போட்டியை நடத்தியது. அதன் வழியாக இட்டாலா ஆலைக்குள் வந்தார் தாப்பியோ விர்க்கலா. சிற்பக்கலை பயின்றவர், கண்ணாடிக்குப் புதியவர்.

பின்லாந்துக் காடுகளில் கோடை மழைக்குப் பிறகு மஞ்சள் நிறக் காளான் ஒன்று முளைக்கும். பெயர் காந்தரெல்லி. ஊமத்தம்பூவைப் போல மேலே விரிந்து, விளிம்பு மடங்கி நிற்கும். விர்க்கலா அந்தக் காளானையே பூச்சாடி ஆக்கினார். நிறமற்ற மெல்லிய கண்ணாடி. அதன் வெளிப்புறத்தில் கீழிருந்து மேலாக ஓடும் நுண்ணிய கோடுகள். காளானின் அடிப்புற மடிப்புகளைத்தான் அவர் அப்படிச் செதுக்க வைத்தார். 1951இல் மிலான் நகரின் திரியென்னாலே கண்காட்சியில் விர்க்கலாவின் படைப்புகளுக்கு மூன்று உயர் பரிசுகள் கிடைத்தன. பின்லாந்துக் கண்ணாடியை உலகம் திரும்பிப் பார்த்தது.

அதற்கு முன்பே ஸ்வீடனின் ஓர்ரெஃபோர்ஸ் ஆலை புகழ்பெற்றிருந்தது. அங்கே சிமோன் காட்டேயும் எட்வர்ட் ஹால்டும் வழவழப்பான கண்ணாடியின் மேல் உருவங்களைச் செதுக்க வைத்தார்கள். 1936இல் பின்லாந்துக் கட்டடக் கலைஞர் ஆல்வர் ஆல்டோ வரைந்த சாடியில் செதுக்கல் ஏதுமில்லை. சாடியின் சுவரே அலையாக நெளிந்தது. விர்க்கலாவின் தலைமுறை இன்னும் ஒரு படி மேலே போனது. பனி எப்படி உருகுகிறது, மரம் எப்படிக் கருகுகிறது என்று கவனித்து, அந்த மாற்றங்களையே கண்ணாடியில் பதித்தது.

தீமோ சர்ப்பனேவா 1964இல் செய்த ‘பின்லாந்தியா’ வரிசை இதற்குச் சிறந்த சான்று. மர அச்சில் கண்ணாடி ஊதுபவர்கள் வழக்கமாக அச்சை நீரில் ஊறவைப்பார்கள். சூட்டில் எழும் நீராவி இடையில் நின்று கண்ணாடியை வழவழப்பாகக் காக்கும். சர்ப்பனேவா மரத்தை எரியவிட்டார். கனலும் கண்ணாடிக் குழம்பு பட்ட இடமெல்லாம் கருகிக் குழிந்தது. அந்தக் கரடுமுரடு அப்படியே கண்ணாடியில் பதிந்து மரப்பட்டையாகத் தெரிந்தது. ஒவ்வொரு முறை ஊதும்போதும் அச்சு மேலும் கருகியதால், ஒரே அச்சில் பிறந்த இரண்டு சாடிகள்கூட ஒன்றுபோல் இருக்கவில்லை. பெருமளவு உற்பத்திக்கு மரம் தாங்காது என்பதால், பின்னர் அதே மேற்பரப்பை உலோக அச்சுகளுக்கு மாற்றினார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து வந்தது விர்க்கலாவின் ‘உல்த்திமா தூலே’. வடக்கே லாப்லாந்தில் நெடுநாள் தங்கி வேலை செய்தவர் அவர். அங்கே உருகும் பனிக்கட்டியின் வழிசல்களும் துளிகளும் இந்தக் குவளைகளின் வெளிப்புறம் முழுக்க ஓடுகின்றன. குவளை நிற்பதும் துளி வடிவிலான சிறு கால்களில்தான். 1969இல் ஃபின்ஏர் விமானங்கள் நியூயார்க்குக்குப் பறக்கத் தொடங்கியபோது பயணிகளின் கைக்கு வந்தது இந்தக் குவளைதான். அருங்காட்சியகத்துக்குரிய அழகு அன்றாடம் தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தில் இறங்கியது. பின்லாந்து வடிவமைப்பாளர்களின் ஆகப் பெரிய சாதனை இதுவே.

1793இல் தொடங்கிய நூத்தாயார்வி ஆலையில் ஓய்வா தொய்க்கா கண்ணாடிப் பறவைகளைப் படைத்த கதை அடுத்த வாரம்.

(தொடரும்)