பொட்டுவெடித் துப்பாக்கி

பொட்டுவெடித் துப்பாக்கி என்பது, காகிதத்துக்குள் பொதிந்த ஒரு துளி மருந்தைச் சுத்தியால் அடித்து ஓசை எழுப்பும் விளையாட்டுத் துப்பாக்கி. இதற்குக் குண்டு கிடையாது. கேப் துப்பாக்கி, தீபாவளித் துப்பாக்கி என்றும் சொல்வார்கள். அதில் போடும் வெடிக்குப் பொட்டு வெடி, கேப்பு, சுருள் கேப்பு, ரோல் கேப்பு என ஊருக்கு ஊர் பெயர் மாறும். விருதுநகர் மாவட்டத்துச் சிவகாசி வட்டாரம் பட்டாசோடு இந்தக் கேப்புகளையும் செய்கிறது. துப்பாக்கியைத் தகரத்திலோ பிளாஸ்டிக்கிலோ எங்கு வேண்டுமானாலும் செய்துவிடலாம். கேப்புக்குத்தான் கைப்பழக்கமும் கட்டுப்பாடும் வேண்டும். ஆகவே இந்தப் பொருளின் வரலாறு, துப்பாக்கியைவிடக் கேப்பின் வரலாறுதான்.

தீப்பெட்டியும் கேப்பும்

சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டு ஊர் திரும்பித் தொழில் தொடங்கினார்கள். பட்டாசுத் தொழில் இங்கு ஊன்றியது 1940களில். இந்த வரிசை தற்செயலானதல்ல. தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டும் உரசும் இடத்தில் மட்டும் தீ பிறக்கிறது. பிரித்து வைத்ததால்தான் அது பாதுகாப்புத் தீப்பெட்டி. அங்கே பிரித்து வைத்த அதே இரண்டு பொருள்களைக் கேப்பில் ஒன்றாகச் சேர்த்து, பசையில் குழைத்து, இரண்டு தாள்களுக்கு நடுவே ஒட்டுகிறார்கள். தீப்பெட்டி செய்யத் தெரிந்த ஊருக்குக் கேப்பின் மூலப்பொருள்கள் புதியவை அல்ல. அவற்றைச் சேர்த்துக் கையாளும் பக்குவம்தான் புதிது.

அந்தப் பக்குவத்தின் முதல் விதி ஈரம். இந்த மருந்தை உலர்ந்த நிலையில் கலக்கவே கூடாது. லேசான உராய்வே போதும், வெடித்துவிடும். நீரும் பசையும் சேர்ந்த ஈரக் குழைவாகவே கலந்து, ஈரம் காயுமுன் தாளில் பொட்டுப் பொட்டாக வைத்து, மேலே மெல்லிய தாளை ஒட்டிக் காயவைக்கிறார்கள். காய்ந்த பிறகு நறுக்குவதும், சுருட்டுவதும், பெட்டியில் அடைப்பதும் ஒவ்வொன்றும் ஆபத்தான வேலைதான். சிந்திக் காய்ந்த மருந்து செருப்புக்கடியில் பட்டாலும் போதும். ஒரு பொட்டில் இருப்பது சில மில்லிகிராம் மருந்து. அமெரிக்க விதிகள் சராசரியாக 16 மில்லிகிராமுக்கு மேல் அனுமதிப்பதில்லை. குழந்தையின் கையில் அது சிறு ‘பட்’ ஓசை. ஆயிரக்கணக்கான பொட்டுகள் ஒரே அறையில் காயும்போது கதை வேறு. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தில் கிட்டத்தட்ட 40 பேர் இறந்தார்கள். அது கேப்பு ஆலையன்று. ஆனால் இந்த வட்டாரத்தில் மருந்தைத் தொட்டு வேலை செய்யும் எவருக்கும் அந்தத் தேதியை நினைவூட்ட வேண்டியதில்லை.

குளோரேட்டும் கந்தகமும் கலந்த வெடிப்பொருளை இந்திய அரசு 1992இல் தடை செய்தது. அந்த அறிவிக்கை அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவையும், தீக்குச்சித் தலையையும், விளையாட்டுத் துப்பாக்கிக்கான காகிதக் கேப்பையும் மட்டும் விலக்கி வைத்தது. தீப்பெட்டியும் கேப்பும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதைச் சட்டமே இப்படி ஒப்புக்கொண்டிருக்கிறது.

முன்னோர்

கேப்பின் மூதாதை நிஜத் துப்பாக்கியில்தான் இருந்தது. அடித்தால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்தும் முறைக்கு ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் 1807இல் காப்புரிமை பெற்றார். வாஷிங்டனில் பல் மருத்துவராக இருந்த எட்வர்ட் மேனார்டு 1845இல் அதைக் காகிதச் சுருளாக்கினார். ஒவ்வொரு முறை சுத்தியை இழுக்கும்போதும் சுருள் ஒரு பொட்டு முன்னே நகரும். அமெரிக்க ராணுவம் 1855ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியில் இதைச் சேர்த்து, பிறகு கைவிட்டது. காகிதம் மழையில் நனைந்து நமுத்துப்போனதே முக்கியக் குறை. ஐப்பசி மழையில் தீபாவளி கொண்டாடும் நமக்கு அந்தக் குறையை விளக்கிச் சொல்ல வேண்டாம். உள்நாட்டுப் போர் முடிந்தபின் அமெரிக்கத் தொழிற்சாலைகள் இந்தச் சுருளைப் பிள்ளைகளின் இரும்புப் பொம்மைத் துப்பாக்கிக்கு மாற்றின.

விசை

பொட்டுவெடித் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை இரட்டைச் செயல் விசை கொண்டவை. விசையை ஒரே இழுப்பாக இழுத்தால், முதல் பாதியில் சுத்தி பின்னால் எழும். சுருள் ஒரு பொட்டு நகரும், அல்லது எட்டு வெடி கொண்ட வளையம் ஒரு கட்டம் திரும்பும். இழுப்பின் முடிவில் பிடி விட்டு, வில் சுத்தியை அடிக்கும். பழைய வழக்கில் ‘குதிரை’ என்ற அந்தச் சுத்தியைக் கட்டைவிரலால் தனியே இழுத்து வைக்கும் வகை ஒற்றைச் செயல்.

நிஜச் சுழல் துப்பாக்கியில் இரட்டைச் செயலை ராபர்ட் ஆடம்ஸ் 1851இல் லண்டனில் அறிமுகப்படுத்தினார். மடியில் மறைத்து எடுத்துச் செல்லும் சிறு துப்பாக்கிக்கு அது இன்றும் விரும்பப்படுவதற்குக் காரணம், நீண்டு கனக்கும் அந்த இழுப்பேதான். தெரியாமல் விரல் பட்டால் வெடிக்காது. வேண்டுமென்று இழுத்தால்தான் வெடிக்கும். இந்தியாவில் கான்பூர் ஆயுதத் தொழிற்சாலை 2014இல் வெளியிட்ட ‘நிர்பீக்’ சுழல் துப்பாக்கி சுமார் 500 கிராம் எடையில், பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளும் அளவில் செய்யப்பட்டது.

பொம்மையில் இழுப்பின் இந்தக் கணக்கு தலைகீழாக நிற்கிறது. வில் கடினமாக இருந்தால் ஒவ்வொரு பொட்டும் தவறாமல் வெடிக்கும், ஆனால் ஐந்து வயதுப் பிள்ளையின் விரலுக்கு இழுபடாது. இளகிய வில்லாக இருந்தால் விரலுக்குச் சுலபம், பாதிப் பொட்டு வெடிக்காமல் போகும். வெடிக்காத பொட்டைக் கல்லில் வைத்து இன்னொரு கல்லால் தட்டப் பிள்ளை கிளம்பிவிடும். விரல் நசுங்குவதும் சுடுவதும் அப்போதுதான். எனவே கடையில் வாங்கும்போது அழகையும் நிறத்தையும் பார்ப்பதைவிட, பிள்ளையின் கையிலேயே கொடுத்து இரண்டு விரல் சேர்த்து இழுக்க முடிகிறதா என்று பார்ப்பதே சரியான தேர்வு. மெலிந்த, எடை குறைந்த பிளாஸ்டிக் வகை சிறு கைக்குப் பொருந்தும். ஆனால் சுத்தி அடிக்கும் இடம் உலோகமாக இருக்க வேண்டும்; வெடிக்கும் இடத்தைச் சுற்றி மூடி இருந்தால் தீப்பொறி கண் பக்கம் தெறிக்காது. துப்பாக்கி சட்டைப் பையில் போகலாம். சுருள் கேப்பு போகக் கூடாது. சாவியோ காசோ உரசினால் முழுச் சுருளும் ஒன்றாகப் பற்றலாம்.

ஓசை, தோற்றம்

இந்தியாவில் பட்டாசின் ஓசை, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தள்ளி 125 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது. கேப்போ கை நீளத்துக்குள் வெடிப்பது. காதுக்கு மிக அருகில் வெடித்தால் சிறு பொட்டும் செவிக்குக் கேடு செய்யும். காதிலிருந்து ஓர் அடிக்குள் வெடிக்காதே, வீட்டுக்குள் வெடிக்காதே என்ற எச்சரிக்கையை அமெரிக்காவில் உரத்த கேப்புப் பெட்டிகளில் முன்பு அச்சிட்டாக வேண்டியிருந்தது. நிஜத் துப்பாக்கி என்று எவரும் மயங்காதபடி பொம்மையின் முனையில் பளிச்சென்ற ஆரஞ்சு நிற அடையாளம் வேண்டும் என்று அங்கே 1988இல் சட்டம் வந்தது. நம் ஊரிலும் கறுப்பு நிறத் துப்பாக்கியைத் தவிர்த்து, பச்சையோ சிவப்போ வாங்குவது நல்லது.

பராமரிப்பு

தகரத் துப்பாக்கி அடுத்த தீபாவளிக்குள் துருப்பிடித்து இறுகிவிடுவதைப் பலரும் மழையின் குற்றம் என்று நினைக்கிறார்கள். உண்மையில் அது கேப்புப் புகையின் வேலை. பாஸ்பரஸ் எரிந்து வரும் வெண்புகை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பாஸ்பாரிக் அமிலமாகி, சுத்தியிலும் வில்லிலும் படிந்து அரிக்கிறது. விளையாடி முடித்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, உலரவிட்டு, வில்லில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வைத்தால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மிஞ்சிய கேப்புகளையும் வெடிக்காத பொட்டுகளையும் குப்பையில் போடுமுன் ஒரு வாளித் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவிட வேண்டும்.