சம்பளமில்லாத பதினைந்து ஆண்டுகள்

முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பணிகளுக்காகப் பல்கலைக்கழகங்கள் வெளியிடும் அறிவிப்புகளில் பணிக்காலமும் ஊதியமும் தவறாமல் இடம்பெறுகின்றன. ஊதியம் என்ற பேச்சே எழாதிருந்த ஒரு காலத்தை நாம் இங்கே காணப் புகுகிறோம்.

அக்கால ஜெர்மானியப் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டம் மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடவில்லை. மேலும் ஓர் ஆய்வேட்டை அளித்து 'ஹாபிலிட்டேஷன்' என்னும் தகுதியைப் பெறவேண்டியிருந்தது. அதன்பின் கிடைப்பது 'பிரிவாட்டோட்சென்ட்' என்னும் நிலை. விரிவுரை ஆற்றலாம், ஆனால் அந்நாளில் அதற்குச் சம்பளம் இல்லை, கேட்க வரும் மாணவர் செலுத்தும் கட்டணமே வருவாய். பேராசிரியர் இருக்கை ஒன்று காலியாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான். கையில் பொருளுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கென்றே அமைந்த ஏற்பாடு என்று சொல்லத் தோன்றுகிறது. பெண்பிள்ளைகளுக்கு அந்த வாயிலும் அடைத்தே இருந்தது.

எம்மி நோத்தர் 1882இல் எர்லாங்கனில், கணிதப் பேராசிரியர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். 1907இல் முனைவர் தேர்வில் வென்றார். 1908 முதல் 1915 வரை அவ்வூர்ப் பல்கலைக்கழகத்திலேயே ஊதியமின்றி ஆய்வு செய்தார்; தந்தையின் உடல்நலம் குன்றியபோது அவருக்குப் பதிலாக வகுப்பும் எடுத்தார்.

1915இல் ஹில்பர்ட்டும் கிளைனும் அவரைக் கோட்டிங்கனுக்கு அழைத்தனர். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் எழுப்பிய சிக்கல்களுக்கு அவருடைய கணிதப் புலமை தேவைப்பட்டது. தத்துவப் புலத்தில் எதிர்ப்பு கிளம்பிற்று. எதிர்த்தவருள் மொழிநூலாரும் வரலாற்றாசிரியரும் முன்நின்றனர் என்பது, நம்மைப் போன்ற இலக்கிய அன்பர்கள் சற்றே தலைகுனிந்து படிக்கவேண்டிய செய்தி. இது பல்கலைக்கழகமேயன்றிக் குளியல் கூடம் அன்று என்று ஹில்பர்ட் சீறியதாக ஒரு கதை உண்டு. சுவையான கதைதான், ஆனால் அந்தச் சீற்றத்தால் நோத்தருக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அவருடைய விரிவுரைகள் ஹில்பர்ட்டின் பெயரிலேயே அறிவிக்கப்பட்டன, அவர் 'உதவியாளர்'.

இயற்கையின் தொடர் சமச்சீர்மை ஒவ்வொன்றுக்கும் அழியாது காக்கப்படும் ஓர் அளவு உண்டு என்று காட்டும் தேற்றத்தை, இன்றைய இயற்பியலின் அடித்தளங்களுள் ஒன்றை, 1918இல் அவர் வெளியிட்டது இந்த நிலையில்தான்.

1918இல் முடியாட்சி வீழ்ந்து குடியரசு மலர்ந்தபின், 1919இல் ஹாபிலிட்டேஷன் கிட்டியது. 1922இல் பேராசிரியர் என்ற பட்டப்பெயர் வந்தது, சம்பளம் வரவில்லை. 1923இல் இயற்கணிதம் கற்பிக்கச் சிறு ஊதியத்துடன் ஒரு பணி அமைந்தது. அப்போது அவருக்கு வயது 41. மார்க் நாணயத்தின் மதிப்பு மண்ணாய்ப் போனதும் அதே ஆண்டில்தான்!

அவரிடம் பயில வெளிநாடுகளிலிருந்தும் இளைஞர்கள் வந்து குவிந்தனர். ஆயினும் நிலையான இருக்கை கடைசிவரை கிட்டவில்லை. 1933இல் நாஜி அரசின் சட்டம், யூதர் என்பதால் அந்தச் சிறு பணியையும் பறித்தது. அமெரிக்காவின் பிரின் மார் மகளிர் கல்லூரி, ராக்பெல்லர் அறக்கட்டளையின் பொருளுதவியுடன் இடமளித்தது. ஈராண்டு நிறையுமுன், 1935 ஏப்ரல் 14 அன்று, அறுவைச் சிகிச்சைக்குப் பின் காலமானார்.

ஜெர்மனியின் ஆய்வு நல்கை நிறுவனம், முனைவர் பட்டம் பெற்ற இளம் ஆய்வாளர்கள் தமக்கென ஓர் ஆய்வுக்குழுவை நடத்த ஆறாண்டு வரை நிதி அளிக்கும் திட்டம் ஒன்றை 1990களின் இறுதியில் தொடங்கியது. அதற்கு எம்மி நோத்தர் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பொதுவாகப் பட்டம் பெற்ற நான்கு ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நோத்தருக்கு அந்தக் கெடு 1911இல் முடிந்திருக்கும். அப்போது அவர் எர்லாங்கனில், தந்தையின் வகுப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.