இயற்கை நீரில் ஆசனிக்கும் நுண்ணங்கிகளும்

ஆசனிக்கு, செலனியம், அன்றிமனி முதலிய நச்சு உலோகப்போலிகளை நீரில் வாழும் பற்றீரியாக்களும் பாசிகளும் ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகின்றன. தனிமத்தை எந்த உயிரும் அழிக்க முடியாது. ஆனால் நஞ்சின் கடுமை அதன் வேதிவடிவத்தைப் பொறுத்தது. ஆகவே இம்மாற்றமே முக்கியம். கரைந்த செலனியத்தைச் சில பற்றீரியாக்கள் கரையாத சிவப்பு மணிகளாகப் படியச் செய்கின்றன.

ஆசனிக்கின் ஒரு வடிவமான ஆசனேற்று, அமைப்பில் பொசுபேற்றை ஒத்தது. பொசுபேற்று நுழையும் வழியாலேயே கலத்துள் புகுந்துவிடும். பல பற்றீரியாக்கள் அதை ஆசனைற்றாகத் தாழ்த்தி வெளியே தள்ளுகின்றன. ஒட்சிசன் அற்ற சேற்றில் ஆசனேற்றைக் கொண்டே சுவாசிப்பவையும் உண்டு. எதிர்த்திசையில், ஆசனைற்றை ஒட்சியேற்றும் பற்றீரியா 1918இலேயே தென்னாபிரிக்காவில், மாடுகளை உண்ணி போக அமிழ்த்தும் மருந்துத் தொட்டியில் கண்டறியப்பட்டது.

நுண்ணங்கிகளின் இத்தகைய செயலின் மிகக் கொடிய விளைவு வங்காளத்தில் நேர்ந்தது. 1983இல் கொல்கத்தாத் தோல் மருத்துவர் கே. சி. சாஹா, கிராமத்தவரின் உடலில் தோன்றிய கரும்புள்ளிகளுக்கும் உள்ளங்கைத் தடிப்புகளுக்கும் குழாய்க்கிணற்று நீரின் ஆசனிக்கே காரணம் என இனங்கண்டார். அங்கே எந்தத் தொழிற்சாலையும் நஞ்சைக் கொட்டவில்லை. இமயத்திலிருந்து வந்த வண்டலில் அது இரும்பு ஒட்சைட்டோடு ஒட்டிக் கிடந்தது. புதைந்த தாவர எச்சங்களை உண்ணும் பற்றீரியாக்கள் அந்த இரும்பைத் தாழ்த்தவே, ஆசனிக்கு பிடி விட்டு நீரில் கலந்தது. மேற்கு வங்கச் சேற்றைக் கொண்டு நடத்தி 2004இல் வெளியான ஆய்வு இதற்கு வலுவான சான்று தந்தது. குடிநீரில் உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லீற்றருக்கு 10 மைக்கிரோகிராம். வங்காளத்தின் பல கிணறுகளில் 50க்கு மேல் இருந்தது.

கொழும்பின் குழாய்நீர் பெரும்பாலும் களனி கங்கையின் மேற்பரப்பு நீர். வங்காளத்தில் நடந்ததோ நிலத்துக்கு அடியில்; ஆகவே அந்த எடுத்துக்காட்டு இங்கே நேராகப் பொருந்தாது. கொழும்பு வாசகருக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு கடல்தான். வெள்ளவத்தைக் கரையை மோதும் நீர் உட்பட எல்லாக் கடல்நீரிலும் ஆசனிக்கு இயல்பாகவே லீற்றருக்கு ஏறத்தாழ 1 முதல் 2 மைக்கிரோகிராம் உண்டு. நுண்பாசிகள் அதை உள்ளெடுத்துச் சேதனச் சேர்வைகளாக்குகின்றன. உணவுச் சங்கிலியில் மேலேறும்போது அது பெரிதும் ஆசனோபீற்றெயினாகிவிடுகிறது. சந்தையில் வாங்கும் இறாலிலும் கணவாயிலும் மொத்த ஆசனிக்கு கிலோவுக்குச் சில மில்லிகிராம் இருக்கலாம். ஆசனோபீற்றெயினுக்கு நச்சுத்தன்மை இல்லையென்றே சொல்லலாம். பெரும்பகுதி மாறாமலே சிறுநீரோடு வெளியேறுகிறது. மொத்த அளவை மட்டும் தரும் அறிக்கை நல்ல மீனையும் நஞ்சாகக் காட்டிவிடும்.

சோற்றின் கதை வேறு. நீர் கட்டிய வயலில் வங்காளத்து நிலத்தடியில் நடப்பதே நடக்கிறது; வேர்கள் அசேதன வடிவமான ஆசனைற்றை உறிஞ்சுகின்றன. அதனால் 2014இல் சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் குழு தீட்டிய அரிசிக்கு விதித்த கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் வரம்பு, அசேதன ஆசனிக்குக்கு மட்டுமே உரியது.